குத்தகைக்குப் போன கால்பந்து!

கத்திவாக்கம். மாலை ஐந்து மணி.

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரெயில் நின்று விட்டுப் போகிறது. தொழிற்சாலையில் வேலை முடிந்தவர்கள் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வீடு திரும்புகிறார்கள். கடல் காற்று அடிக்கிறது.

பக்கத்தில் ஒரு பொட்டல். அங்கே பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். கோல் கம்பம் கிடையாது. இந்தப் பக்கம் இரண்டு செங்கல். அந்தப் பக்கம் இரண்டு செருப்பு. அதுதான் கோல்! சில பையன்கள் நீலச் சட்டை போட்டிருக்கிறார்கள். அது "சென்னையின் எப்.சி." கோஷ்டியின் நிறம்.

மூன்று கோஷ்டிகள். இரண்டு ஆடும்போது மூன்றாவது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நடுவர் கிடையாது. கடிகாரம் கிடையாது. சட்டம் மட்டும் ஒன்று உண்டு.

"ரெண்டு கோல் வாங்கினவன் வெளியே!"

அவ்வளவுதான். தோற்றவன் வெளியே போவான். ஜெயித்தவன் உள்ளே இருப்பான். காத்திருந்தவன் உள்ளே வருவான். இதில் அப்பன் பெரியவனா, பந்து யாருடையது என்ற பேச்சே கிடையாது. (பந்துக்காரன் கோபித்துக்கொண்டு பந்தை எடுத்துப் போய்விட்டால் மட்டும் கொஞ்சம் கஷ்டம்! அந்தப் பந்துக்காரனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் கால்பந்துக்கு இதுதான் சட்டம். இங்கிலாந்தில் முதல் வரிசை லீக்கில் 20 கோஷ்டிகள். வருஷக் கடைசியில் அடியில் இருக்கும் 3 கோஷ்டிகள் கீழே இறங்கிவிட வேண்டும். கீழ் வரிசையில் இருந்து 3 கோஷ்டிகள் மேலே ஏறும். அதாவது, லீக் என்பது ஓர் ஏணி. ஆடி ஜெயித்தால் ஏறலாம்.

நம் நாட்டில் ஒரு கோஷ்டி ஆடி ஜெயித்தது. ஏணியின் உச்சிப் படியிலே போய் நின்றது. நின்ற பிறகு பார்த்தால், ஏணியையே வேறு சுவரில் சாத்திவிட்டார்கள்! அந்தக் கோஷ்டி வேறு எங்கேயோ இல்லை, நம் தமிழ்நாட்டுக் கோஷ்டிதான்.

கோவையில் ஒரு நாள்

2019-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி. கோவை நேரு ஸ்டேடியம்.

அப்போது நாட்டின் அதிகாரபூர்வமான முதல் லீக் "ஐ லீக்". 11 கோஷ்டிகள் ஆடின. கடைசி நாளில் முதல் இடத்தில் இருந்தது "சென்னை சிட்டி". ஒரே ஒரு புள்ளி பின்னால், கல்கத்தாவின் பழம்பெரும் கோஷ்டியான "ஈஸ்ட் பெங்கால்".

சென்னை சிட்டிக்கு எதிராக ஆடியது, அதற்கு முந்திய ஆண்டு கோப்பையை வென்ற மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது! அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வேறு ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜெயித்து, இவர்கள் தோற்றால் கோப்பை கல்கத்தாவுக்கு!

இடைவேளைக்குப் பிறகு, ஸ்பெயினில் இருந்து வந்த பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒரு கோல் போட்டார். அந்த ஆண்டு அவர் போட்டது மொத்தம் 21 கோல். அடுத்த இரண்டு கோல்களையும் போட்டவர் கவுரவ் போரா. அவர் கோல் போடுகிற ஆளே அல்ல. கோலைத் தடுக்கிற பின்கள ஆட்டக்காரர்!

3-1. ஈஸ்ட் பெங்காலும் கோழிக்கோட்டில் ஜெயித்தது. ஆனாலும் பயன் இல்லை. சென்னை சிட்டி 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

சென்னை சிட்டி எங்கிருந்து வந்தது? 1946-ல் தொடங்கிய "நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்" என்ற சென்னை கோஷ்டிதான் அதன் மூலம். சென்னை லீக்கில் ஐ.சி.எப்., இந்தியன் வங்கி, சுங்க இலாகா ஆகியவற்றோடு ஆடிய கோஷ்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் புவனேசுவரத்தில் "சூப்பர் கோப்பை" நடந்தது. இரண்டு லீக் கோஷ்டிகளும் மோதும் பந்தயம் அது. அதில் சென்னை சிட்டி, பெங்களூர் எப்.சி.யை 2-1 என்று தோற்கடித்தது. பெங்களூர் கோஷ்டி அப்போதுதான் பணக்கார லீக்கின் கோப்பையை வென்றிருந்தது!

"பணக்கார லீக்கா? அது என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் கதையே இருக்கிறது.

மாந்தோப்பும் குத்தகைதாரரும்

ஒரு மாந்தோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரரிடம் பணம் இல்லை. தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை. ஒரு பெரிய வியாபாரி வருகிறார். "15 வருஷத்துக்குத் தோப்பை எனக்கு விடுங்கள். வருஷா வருஷம் பணம் தருகிறேன். காய், கனி, விறகு எல்லாம் என்னுடையது. புதிதாக மரம் நட்டாலும் என் இஷ்டம்" என்கிறார். சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

இந்தியக் கால்பந்து அப்படித்தான் குத்தகைக்குப் போயிற்று. 2010-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமும் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் கம்பெனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய். ஆண்டுக்குச் சராசரி 46 கோடிக்கு மேல்! டெலிவிஷனில் காட்டும் உரிமை, விளம்பர உரிமை, புது லீக் நடத்தும் உரிமை எல்லாம் கம்பெனிக்கு.

சம்மேளனத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அப்போது கால்பந்துக்குப் பணம் தர வேறு யார் வரிசையில் நின்றார்கள்?

புது மரம் 2014-ல் நடப்பட்டது. "இந்தியன் சூப்பர் லீக்" என்று பெயர். 8 கோஷ்டிகள். சொந்தக்காரர்கள் பெரிய முதலாளிகள், சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் வீரர்கள். சென்னையின் எப்.சி.க்கு நடிகர் அபிஷேக் பச்சனும் டோனியும் பங்குதாரர்கள். பெரியமேட்டில் உள்ள நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம். 2015-லும் 2018-லும் கோப்பை சென்னைக்கே வந்தது. கூட்டம் வந்தது. விளக்கு வெளிச்சம் வந்தது. கத்திவாக்கத்துப் பையனுக்கு நீலச் சட்டையும் வந்தது. இதெல்லாம் நல்லதுதான்.

ஆனால் அந்த லீக்கில் அப்போது ஏற முடியாது; இறங்கவும் முடியாது! கடைசி இடத்தில் வந்தாலும் அடுத்த ஆண்டு அங்கேயே இருக்க முடிந்தது. உள்ளே நுழைய ஆட்டம் போதவில்லை. வருஷா வருஷம் கோடிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

ஏணி இடம் மாறியது

2017-ல் பெங்களூர் எப்.சி. ஐ லீக்கை விட்டுப் பணக்கார லீக்கில் சேர்ந்தது. அதே ஆண்டு ஐ லீக் கோப்பையை வென்றது, மிசோரம் மலைநாட்டைச் சேர்ந்த ஐசால் என்ற சின்னக் கோஷ்டி. "நாங்கள்தானே ஜெயித்தோம்? எங்களுக்கு முதல் லீக்கில் இடம் வேண்டும்" என்று அவர்கள் போராடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்து சம்மேளனம் புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி இனிமேல் நாட்டின் முதல் லீக், இந்தியன் சூப்பர் லீக்! ஐ லீக் இரண்டாவது.

கணக்குப் பாருங்கள். சென்னை சிட்டி கோப்பையைத் தூக்கியது மார்ச்சில். அந்த லீக் இரண்டாம் படிக்கு இறக்கப்பட்டது அக்டோபரில். ஏழே மாதம்! 2020 ஜனவரியில் ஆசியப் பந்தயத்தில் பஹ்ரைனின் ரிபா கோஷ்டியோடு ஆடி 0-1 என்று தோற்றது. பிறகு கொரோனா. 2021-22 ஐ லீக் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

ஆட்டக்காரர்கள் முன்பே புரிந்துகொண்டுவிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்ற மீனவ கிராமத்துப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டியில் பெயர் எடுத்தார். 2018-ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அடுத்த ஆண்டு கல்கத்தாவின் ஏ.டி.கே.க்கு. நெய்வேலியில் வளர்ந்த எட்வின் சிட்னி சென்னையின் எப்.சி.க்குப் போனார். அவர்களைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? கால் ஓடுகிற வயது பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான்.

கல்கத்தாவின் கிழட்டுச் சிங்கங்கள் என்ன செய்தன? அவையும் போயின. மோகன் பகான் 1889-ல் பிறந்த கோஷ்டி. 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளக் கோஷ்டியைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கியது. அந்த மோகன் பகானின் கால்பந்துக் கோஷ்டியில் 80 சதவிகிதப் பங்கை 2020-ல் ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது. பெயர் "ஏ.டி.கே. மோகன் பகான்" ஆயிற்று. ரசிகர்கள் கொதித்தார்கள். "முன்னால் இருக்கும் மூன்று எழுத்தை எடு!" என்று கிளர்ச்சி செய்தார்கள். 2023-ல் கோப்பையை வென்ற இரவில்தான் முதலாளி அந்த எழுத்துகளை எடுக்கச் சம்மதித்தார். ஈஸ்ட் பெங்காலும் ஒரு சிமெண்டு கம்பெனியின் கையைப் பிடித்துக்கொண்டு 2020-ல் உள்ளே போனது.

ஜெயித்து ஏறுகிற வழி 2023-ல்தான் திறந்தது. அந்த ஆண்டு பஞ்சாப், 2024-ல் முகமதன் ஸ்போர்டிங், 2025-ல் இண்டர் காசி. சென்னை சிட்டி நாலு வருஷம் முந்திப் பிறந்துவிட்டது!

அமெரிக்காவிலும் இதே கூத்து

நாம்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்றால் திருவிழா. (அவர்கள் "கால்பந்து" என்பார்கள், ஆடுவது பெரும்பாலும் கையால்!) கல்லூரிகள் அந்தந்த வட்டாரப்படி லீக் அமைத்து ஆடி வந்தன. பசிபிக் கடற்கரைக் கல்லூரிகளின் லீக் 1915-ல் தோன்றியது.

2022-ல் "பிக் டென்" என்ற இன்னொரு லீக், டெலிவிஷன் கம்பெனிகளோடு 7 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டது. தொகை 700 கோடி டாலருக்கும் மேல்! அவ்வளவுதான். பசிபிக் லீக்கில் இருந்த கல்லூரிகள் ஒவ்வொன்றாகக் கம்பி நீட்டின. 12 கல்லூரிகள் இருந்த லீக்கில் 2024-ல் ஆடியவை இரண்டே இரண்டு. வேடிக்கையைக் கேளுங்கள்: பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்போர்டு கல்லூரி போய்ச் சேர்ந்த லீக்கின் பெயர் "அட்லாண்டிக் கரை லீக்"! நம் எண்ணூர் கோஷ்டி மும்பை லீக்கில் சேர்ந்த மாதிரி. அதுவும் போதாது, அமெரிக்காவின் அகலம் நம் நாட்டைவிடப் பெரிது.

ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. இங்கே?

பந்துக்காரன் பந்தை எடுத்தான்

இந்தியக் கால்பந்தின் 15 ஆண்டுக் குத்தகை 2025 டிசம்பர் 8-ந் தேதி முடிவதாக இருந்தது. புதுப்பிக்க முடியவில்லை. சம்மேளனத்தின் சட்ட திட்டம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருந்தது. 2025 ஜூலை 11-ந் தேதி, லீக் நடத்தும் கம்பெனி ஒரு கடிதம் எழுதியது. "ஒப்பந்தம் தெளிவாகாமல் அடுத்த லீக்கை நடத்த முடியாது."

ஆகஸ்டில் பெங்களூர் கோஷ்டி சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எப்.சி.யும் கிளப் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. இரண்டு முறை கோப்பை வாங்கிய கோஷ்டி!

கோர்ட்டு அனுமதியுடன் டெண்டர் விட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டில் இருந்து ஓய்வு பெற்ற நீதிபதி நாகேஸ்வரராவ் மேற்பார்வை. ஆண்டுக்குக் குறைந்தது 37 கோடியே 50 லட்சம், அல்லது வருமானத்தில் 5 சதவிகிதம் தர வேண்டும். கடைசி நாள் நவம்பர் 7. பெட்டியில் எத்தனை டெண்டர் விழுந்தன தெரியுமா? ஒன்றுகூட இல்லை! 2010-ல் 700 கோடிக்குப் போன தோப்புக்கு 2025-ல் குத்தகைதாரரே இல்லை.

காரணம் கஷ்டமான கணக்கு ஒன்றும் இல்லை. கோஷ்டிகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் நஷ்டத்திலேயே நடந்தன. டிக்கெட் வசூலை வைத்துச் சம்பளம் போட முடியாது. டெலிவிஷன் பணம் முழுக்கக் கிரிக்கெட் பக்கம் ஓடுகிறது. முதலாளி மனம் வைத்தால் கோஷ்டி உண்டு. மனம் மாறினால் இல்லை.

அம்மாவின் கேள்வி

"பந்தை உதைச்சா சோறு கிடைக்குமாடா?" வட சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்காத தாய் உண்டா?

ஒரு காலத்தில் அதற்குப் பதில் இருந்தது. "கிடைக்கும்மா. ஐ.சி.எப்.பில் எடுப்பாங்க. ரெயில்வேயில் எடுப்பாங்க. துறைமுகத்தில் எடுப்பாங்க. இந்தியன் வங்கியில் எடுப்பாங்க." நன்றாக ஆடுகிறவனுக்கு உத்தியோகம். காலில் அடி பட்டாலும், முப்பத்தைந்து வயதில் மூச்சு வாங்கினாலும், மேஜை நாற்காலி போகாது. மாதச் சம்பளம் வரும். இந்தியன் வங்கி கோஷ்டி தேசிய லீக் வரை போய் ஆடியது. அந்தச் சம்பளம் லட்சக்கணக்கில் வராது. ஆனால் பையனுக்குப் பெண் கிடைக்கும், வீட்டு வாடகை பாக்கி நிற்காது.

பணக்கார லீக் வேறு பதில் சொன்னது. வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் சென்னையின் எப்.சி.யில் ஆடி 2018-ல் கோப்பையைத் தூக்கினார். சென்னைப் பையன் நந்தகுமார் கல்கத்தா போய், 2023 ஆகஸ்டில் டூராண்டு கோப்பைப் பந்தயத்தில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டார். நாலரை வருஷத்துக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அன்று கல்கத்தாவில் பாதி நகரம் ஒரு தமிழனின் பெயரைச் சொல்லிக் கூத்தாடியது! உத்தியோகத்தில் இருபது ஆண்டு சம்பாதிக்கும் பணத்தை, இந்த லீக்கில் நல்ல ஆட்டக்காரன் இரண்டு மூன்று ஆண்டில் பார்த்துவிடலாம். ஆனால் அது ஒப்பந்தக் கூலி. 2025 ஜூலையில் ஒரு கடிதம் வந்ததும், மேல்படியில் நின்றவர்களும் வாசலில் நின்று தபாலை எதிர்பார்க்க வேண்டி வந்தது.

கடைசியில் மத்திய சர்க்கார் தலையிட்டது. 2026 பிப்ரவரி 14-ந் தேதி லீக் தொடங்கும், 14 கோஷ்டிகளும் ஆடும் என்று விளையாட்டுத் துறை மந்திரி மாண்டவியா ஜனவரியில் அறிவித்தார். 91 ஆட்டங்கள். அதாவது ஒரு கோஷ்டிக்கு 13 ஆட்டம். அதற்கு முந்திய லீக்கில் ஒரு கோஷ்டிக்கு 24 ஆட்டம் இருந்தது.

கத்திவாக்கத்துப் பொட்டலில் இருட்டிவிட்டது. செருப்புக் கோலில் ஒரு பந்து நுழைந்தது. "ரெண்டு! ரெண்டு! வெளியே வாடா!" என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த கோஷ்டி எழுந்து ஓடியது. வெளியே வந்தவர்களில் இரண்டு பேர் நீலச் சட்டைக்காரர்கள்.