ஒரே சோதனை, இரண்டு விடைகள்: நடுநிலை வகுப்பு அறிவியலில் மதிப்பெண் எதற்கு? - ஒரு விளக்கம்

புதுடெல்லி: ஏழாம் வகுப்பு மாணவர்கள் இருவர் மஞ்சள் பூசிய தாளைக் கொண்டு ஒரே சோதனையைச் செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சோப்புக் கரைசலில் தாள் செந்நிறமாகிறது. எலுமிச்சைச் சாற்றிலும் உப்புக் கரைசலிலும் நிறம் மாறவில்லை. "சோப்பு காரம், எலுமிச்சை அமிலம், உப்புக் கரைசல் நடுநிலை" என்று முதல் மாணவர் எழுதுகிறார். "சோப்பு காரம், மற்ற இரண்டில் எது அமிலம் என்பதை மஞ்சள் தாளை மட்டும் கொண்டு கூற இயலாது" என்று இரண்டாமவர் எழுதுகிறார். இவர்களில் யாருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்க வேண்டும்?

முதல் விடை பாடநூலோடு பொருந்துகிறது. இரண்டாவது விடை கண்ணால் கண்ட சான்றோடு பொருந்துகிறது. மஞ்சள் காரத்தில் மட்டுமே நிறம் மாறும். அமிலத்தையும் நடுநிலைப் பொருளையும் அது பிரித்துக் காட்டாது. அதற்கு நீல லிட்மஸ் தாள் தேவை. இதை உணர்ந்த மாணவரே அறிவியல் முறையைக் கற்றவர். ஆயினும், ஆசிரியர் எதிர்பார்ப்பது எது என்பது முன்கூட்டியே கூறப்படாத வகுப்பில் அவருக்கு மதிப்பெண் குறையவும் கூடும்.

மதிப்பெண்கள் எவ்வாறு பகிரப்படுகின்றன?

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சிபிஎஸ்இ) 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு 2017-ஆம் ஆண்டு ஒரே சீரான மதிப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி, எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்கள், இடைத் தேர்வுகளுக்கு 10, குறிப்பேட்டுக்கு 5, பாடச் செயல்பாடுகளுக்கு 5 என மொத்தம் 100 மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. அறிவியலில் ஆய்வகப் பணி இந்த இறுதி ஐந்து மதிப்பெண்களில் அடங்கியது.

91 முதல் 100 வரை பெற்றால் 'ஏ1', 33 முதல் 40 வரை பெற்றால் 'டி', 32 மற்றும் அதற்குக் கீழ் பெற்றால் 'ஈ' என எட்டு தரநிலைகள் வழங்கப்பட்டன. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு இத்திட்டம் அதே ஆண்டு இறுதியில் திரும்பப் பெறப்பட்டபோதிலும், இதையொத்த பகிர்வை இன்றும் பல பள்ளிகளில் காணலாம்.

இந்தப் பகிர்வில் ஒரு முரண்பாடு உள்ளது. குறிப்பேட்டுக்கான ஐந்து மதிப்பெண்கள், அதைத் தவறாமல் ஒப்படைத்தல், பணிகளை முடித்தல், தூய்மையாகப் பேணுதல் ஆகியவற்றுக்கு உரியவை. அதாவது, அழகிய கையெழுத்தும் நேரந்தவறாமையும் பெற்றுத் தரும் மதிப்பெண்கள், ஆய்வகப் பணி பெற்றுத் தரும் மதிப்பெண்களுக்கு இணையாக உள்ளன. ஒழுங்கு தேவையான பண்பே. எனினும், அதுவும் பாட அறிவும் ஒரே எண்ணில் கலந்துவிடும்போது, மாணவர் எதில் பின்தங்கியுள்ளார் என்பது பெற்றோருக்குப் புலப்படுவதில்லை.

புதிய கொள்கை கூறுவது என்ன?

தேசியக் கல்விக் கொள்கை 2020, மனப்பாடத்தைச் சோதிக்கும் மதிப்பீட்டிலிருந்து திறன் அடிப்படையிலான மதிப்பீட்டுக்கு மாற வேண்டும் என வலியுறுத்துகிறது. ஆசிரியரின் மதிப்பீட்டுடன் மாணவரின் தன்மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெறும் முழுமையான முன்னேற்ற அட்டையை அது பரிந்துரைக்கிறது. என்சிஇஆர்டியின் கீழ் 2023-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'பரக்' மதிப்பீட்டு மையம் இதற்கான மாதிரி அட்டைகளை உருவாக்கியுள்ளது. நடுநிலை வகுப்புகளுக்கான அட்டையில் எண்களுக்குப் பதிலாகத் தொடக்க நிலை, தேர்ச்சி நிலை, உயர்நிலை என்ற விவரிப்புகள் உள்ளன.

பாடநூல்களும் மாறியுள்ளன. 'கியூரியாசிட்டி' என்ற பெயரில் ஆறாம் வகுப்புக்கான என்சிஇஆர்டி அறிவியல் நூல் 2024-லும், ஏழு மற்றும் எட்டாம் வகுப்புகளுக்கான நூல்கள் 2025-லும் வெளியாயின. செயல்பாடுகள் வழியே வினா எழுப்பிக் கற்பதை இந்நூல்கள் முன்னிறுத்துகின்றன. நூல் வினா எழுப்பச் சொல்லி, தேர்வு வரையறையை மட்டும் கேட்குமானால், மாணவர்கள் தேர்வின் வழியையே பின்பற்றுவர்.

எட்டாம் வகுப்பில் கூடும் பொறுப்பு

இது வெறும் கற்பித்தல் முறை சார்ந்த விவாதம் அன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், 5 மற்றும் 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதோரை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பது குறித்து மாநிலங்களே முடிவு செய்ய வழிவகுத்தது. அதற்கான விதிகளை மத்திய அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. தேர்ச்சி பெறாத மாணவருக்கு முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்தப்பட வேண்டும். அதிலும் தேறாவிடில் அவர் நிறுத்தி வைக்கப்படலாம். ஆனால் தொடக்கக் கல்வி முடியும் வரை பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது.

மறுதேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதாக இராமல் திறனைச் சோதிப்பதாக அமைய வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆண்டு முழுவதும் மனப்பாடத்துக்கே மதிப்பெண் பெற்றுப் பழகிய மாணவர், இரண்டு மாதங்களில் வேறு வகைத் தேர்வுக்கு ஆயத்தமாவது எளிதன்று.

2024 டிசம்பரில் நடைபெற்ற 'பரக்' தேசிய ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் சராசரி 40 சதவீதமாக இருந்தது. நடுநிலை வகுப்புகளில் எய்தியிருக்க வேண்டிய திறன்களையே இந்த ஆய்வு அளவிட்டது.

தெளிவான அளவுகோல் எப்படி இருக்கும்?

மேற்கண்ட மஞ்சள் தாள் சோதனைக்கு 10 மதிப்பெண்கள் எனக் கொண்டால், வினாவைத் தெளிவாக எழுதியதற்கு 2, செய்முறைக்கு 2, கண்டதைக் கண்டவாறே அட்டவணையில் பதிந்ததற்கு 3, சான்றிலிருந்து முடிவை எட்டியதற்கு 3 எனப் பிரிக்கலாம். இப்பகிர்வு சோதனைக்கு முன்பே கரும்பலகையில் எழுதப்பட்டால், இரண்டாம் மாணவர் முழு மதிப்பெண் பெறுவார். முதல் மாணவர் இறுதிப் பகுதியில் சில மதிப்பெண்களை இழப்பார். ஏன் இழந்தார் என்பதையும் அறிவார்.

சோதனை பிழையாக முடிந்த மாணவருக்கும் இதில் நீதி உண்டு. எதிர்பார்த்த நிறம் வராதபோது அதை மறைக்காமல் எழுதி, காரணத்தை ஆராய்பவர் மதிப்பெண் இழக்க வேண்டியதில்லை. 'சரியான' விடைக்கு மட்டுமே மதிப்பெண் என்றால், அருகிலிருப்பவரின் அட்டவணையைப் பார்த்து எழுதும் பழக்கமே வளரும்.

இதில் நடைமுறைச் சிக்கல்களும் உள்ளன. முன்னர் நடைமுறையில் இருந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை, ஆசிரியர்களுக்குப் பதிவேட்டுச் சுமையாக மாறியதாக விமர்சிக்கப்பட்டது. நெரிசலான வகுப்பில் ஒவ்வொரு பணிக்கும் விரிவான அட்டவணை நிரப்புவது இயலாது. பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று சோதனைகளுக்கு மட்டும், நான்கு வரிகளில் அடங்கும் அளவுகோலைப் பயன்படுத்துவது சாத்தியமான தொடக்கமாகும்.

பெற்றோர் கேட்கக்கூடியவை

ஆசிரியர் சந்திப்பில் "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு அப்பால் மூன்று கேள்விகள் பயன் தரும். பணியைத் தொடங்கும் முன் மதிப்பீட்டு முறை மாணவருக்குக் கூறப்பட்டதா? குறைந்த மதிப்பெண் பாட அறிவில் ஏற்பட்டதா, ஒப்படைப்பில் ஏற்பட்ட தாமதத்தினாலா? திருத்தி மீண்டும் எழுத வாய்ப்பு உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்தால், 'சி2' என்ற தரநிலை மாணவர் மீதான தீர்ப்பாக இராது; அடுத்து எதைக் கற்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக அமையும்.