தானியங்கி கியர்பெட்டி எண்ணெயின் வெப்பநிலை மேலாண்மை

தானியங்கி கியர்பெட்டி எண்ணெய் (சுருக்கமாக ஏடிஎஃப்) என்பது தானியங்கி கியர்பெட்டியில் பயன்படும் நீர்ம எண்ணெய் ஆகும். இது கியர்களுக்கு உயவு அளிப்பதோடு, திறனைக் கடத்துதல், கிளட்சுகளை இயக்க அழுத்தம் தருதல், வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லுதல் ஆகிய பணிகளையும் செய்கிறது. அதிவேகச் செயல்திறன் கார்களில் இதன் வெப்பநிலையைத் தகுந்த எல்லைக்குள் வைத்திருப்பது கியர்பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணியாகும்.

வெப்பம் உருவாகும் விதம்

வெப்பத்தின் பெரும்பகுதி முறுக்குவிசை மாற்றியில் உருவாகிறது. இதில் எஞ்சினுடன் இணைந்த இறைப்பிச் சக்கரம் எண்ணெயைத் தள்ள, அந்த ஓட்டம் எதிரிலுள்ள விசையாழிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்விரண்டின் வேக வேறுபாடு நழுவல் எனப்படுகிறது. நழுவலில் இழக்கப்படும் திறன் வெப்பமாக மாறுகிறது. எடுத்துக்காட்டாக, 200 கிலோவாட் திறன் 90% பயனுறுதிறனுடன் கடத்தப்பட்டால் 20 கிலோவாட் வெப்பமாகிறது. இது 2 கிலோவாட் மின்சூடேற்றிகள் பத்து ஒன்றாக எரிவதற்குச் சமம். பிரேக்கை அழுத்தியபடி முடுக்கியை மிதிக்கும்போது வண்டி நகராததால், எஞ்சின் தரும் திறன் முழுவதும் எண்ணெயைச் சூடாக்குகிறது.

விளைவுகள்

பொதுவாக 80 முதல் 95 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை இயல்பானது. இதைத் தாண்டி ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தோராய விதி. மிகை வெப்பத்தில் எண்ணெய் ஆக்சிசனேற்றம் அடைந்து கருத்து, தீய்ந்த வாடை வீசும். வால்வுகளில் படிவு ஒட்டும். இரப்பர் அடைப்புகள் இறுகும். பின்னர் கிளட்சுகள் நழுவி மேலும் வெப்பத்தை உண்டாக்கும்.

எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருப்பதும் நல்லதன்று. அப்போது பாகுநிலை கூடுவதால் கியர் மாற்றம் தாமதமாகும், எரிபொருளும் வீணாகும். எனவே நோக்கம் எண்ணெயைக் குளிர்விப்பது மட்டுமன்று, அதை எல்லைக்குள் நிறுத்துவதாகும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

* பூட்டும் கிளட்ச்: இறைப்பியையும் விசையாழியையும் நேரடியாக இணைத்து நழுவலை நீக்குகிறது. வெப்பம் தோன்றும் இடத்திலேயே அதைக் குறைப்பதால் இதுவே முதன்மையான வழியாகும்.
* நீர்வழி வெப்பப் பரிமாற்றி: எஞ்சின் குளிர்விப்பு நீரைப் பயன்படுத்துகிறது. குளிர்காலத்தில் எண்ணெயை விரைவாகச் சூடாக்கவும் உதவும். ஆனால் பந்தயத்தடத்தில் அந்த நீரே சூடாகிவிடுவதால் இதன் பயன் குறையும். இதன் உட்புறம் கசிந்தால் நீர் எண்ணெயில் கலந்து கிளட்சுகளைக் கெடுக்கும்.
* காற்றுவழிக் குளிர்விப்பி: முன்புறக் காற்றோட்டத்தில் பொருத்தப்படுகிறது. எண்ணெய் சூடாகும்வரை அதைக் குளிர்விப்பிக்குள் விடாமல் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு உடனிருப்பது நன்று.
* மின்னணுக் கட்டுப்பாடு: உணரி காட்டும் வெப்பநிலை எல்லையைக் கடந்தால், கட்டுப்பாட்டகம் பூட்டும் கிளட்சை முன்னதாக இணைக்கலாம் அல்லது எஞ்சினின் முறுக்குவிசையைக் குறைக்கலாம்.

ஓட்டுநர் கவனிக்க வேண்டியவை

எஞ்சின் வெப்பமானி இயல்பாக இருந்தாலும் கியர்பெட்டி சூடேறியிருக்கலாம். ஆகவே தனி வெப்பமானி பயனுள்ளது. தடத்தில் ஓட்டி முடித்ததும் வண்டியை உடனே நிறுத்தாமல், ஒரு சுற்று மெதுவாக ஓட்டினால் வெப்பம் வெளியேறும். எண்ணெய் சூட்டில் விரிவடைவதால், அதன் மட்டத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வெப்பநிலையிலேயே சரிபார்க்க வேண்டும்.