அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்டுவதற்கு ஒரு பிளானா?

“அது அப்ரூவலுக்குப் போட்ட பிளான் சார், நாம கட்டப்போறது வேற.” வீடு கட்டத் தொடங்கிய குடும்பங்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருக்கும். ஒரு பிளான் அலுவலகத்துக்கு. அதில் நாலு பக்கமும் விடவேண்டிய இடம் ஒழுங்காக விட்டிருக்கும். இன்னொரு பிளான் மேஸ்திரிக்கு. அதில் சுவர் எல்லைக்கல் வரை போயிருக்கும். சொந்த வீட்டைச் சுற்றி வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரட்டை பிளான்தான் வேர் என்பது என் கருத்து.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதற்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் இது உங்கள் வாக்குமூலத்தை நம்பிக் கொடுத்த அனுமதி. பிளான் விதிப்படி இருக்கிறது, அப்படியே கட்டுவேன் என்று சொல்வது நீங்கள். பிறகு மாறினால் பதில் சொல்லவேண்டியவரும் நீங்களே. விண்ணப்பத்தை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, பதிவேற்றிய பிளானைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

சிறிய வீடுகளுக்கு நிறைவுச் சான்று தேவையில்லை என்று விலக்கு இருப்பதால், யார் வந்து அளக்கப்போகிறார்கள் என்ற துணிச்சல் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தால் அளக்க வருவார்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், அனுமதிக்கு மாறான கட்டடத்தை நிறுத்தவும் அகற்றவும் அதிகாரம் தருகிறது. அடமானக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போது வங்கியின் பொறியாளர் அனுமதி பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டைப் பார்ப்பார். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றமும், அனுமதிக்கப்பட்ட பிளானைக் கட்டுமான இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும், விதிமீறலைக் காலம் கடந்தது என்று மன்னிக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அதே சமயம், இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தந்து, உரிமையாளர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் வகுத்த நெறிமுறையும் இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

பிளான் போடுவதற்கு முன்பே மனையை அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 40 அடி, இடத்தில் 38 அடி என்பது நம் ஊரில் புதிதல்ல. பட்டாவையும் புலப்படத்தையும் வைத்துச் சர்வேயர் கல் நட்ட பிறகு வரைவதே பிளான். மனைக்கு அருகில் மின்கம்பி போனால் அதையும் பொறியாளரிடம் காட்டுங்கள். 11 கிலோவோல்ட் வரையான கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி வேண்டும். மாடி பால்கனியை நீட்டும்போது இதை மறந்து உயிரையே விட்டவர்கள் உண்டு.

அறைகளுக்கு வருவோம். “பத்துக்குப் பத்து பெட்ரூம்” என்கிறோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வசிக்கும் அறை ஒன்றே ஒன்று என்றால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. ஏறத்தாழ 102 சதுர அடி. பத்துக்குப் பத்து அதற்கே எட்டவில்லை. அந்தப் பத்து உள்ளளவா, சுவர் மையத்திலிருந்து மையமா என்று கேட்டீர்களா? மைய அளவு என்றால் ஒன்பது அங்குலச் சுவர் போக, பூச்சுக்கு முன்பே ஒன்பதே கால் அடிதான் மிஞ்சும். 86 சதுர அடிகூட இல்லை. கட்டிலும் பீரோவும் போட்டால் கதவு திறக்காது. பிளானில் எழுதியிருப்பது எந்த அளவு என்று கேளுங்கள். காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, குடும்பத்தோடு அதற்குள் நின்று பாருங்கள். அடுப்படியில் இரண்டு பேர் உரசாமல் திரும்ப முடிகிறதா என்பதை அம்மாவும் மனைவியும் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஜன்னல் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். எல்லைச் சுவரை ஒட்டி ஜன்னல் வைத்துவிட்டு, பக்கத்து மனை காலியாக இருக்கும் வரை காற்று வாங்குவார்கள். அந்த மனைக்காரர் சுவர் எழுப்பிய அன்று அறை இருட்டாகிவிடும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோர, 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு இடையூறில்லாத அனுபவம் வேண்டும். புது வீட்டுக்கு அது கிடையாது. விதிப்படி விட்ட பக்கவாட்டு இடம்தான் உங்களுடைய நிரந்தரக் காற்று.

என் சித்தி வீட்டில் கீழே படுக்கையறை உண்டு, கழிப்பறையும் உண்டு. கதவு இரண்டேகால் அடி. இடுப்பு எலும்பு முறிந்து சித்தி வாக்கர் பிடித்து நடந்த மாதங்களில் அந்தக் கதவுக்குள் வாக்கர் நுழையவில்லை. கடைசியில் சுவரை உடைத்தோம். தரைத்தளத்தில் ஒரு கழிப்பறைக் கதவையாவது மூன்று அடி வையுங்கள். பிளானில் அது ஒரு கோடு தள்ளுவதுதான்.

செப்டிக் டேங்க் எங்கே என்று பல பிளான்களில் இருக்கவே இருக்காது. கடைசியில் போர்வெல்லை ஒட்டித் தோண்டுவார்கள். கழிவுநீர் மண்ணில் ஊறும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. இரண்டு சென்ட் மனையில் அதற்கு இடமில்லை. அங்கே பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்குமா, குடிநீர் வேறு வழியில் வருமா என்பதைப் பிளான் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். டேங்க்கின் மூடி, கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் உள்ளே மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அதற்கும் பிளானில் இடம் குறியுங்கள்.

வாஸ்து பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் அனுமதிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடைக்கால் போட்ட பிறகு படிக்கட்டையும் சமையலறையையும் இடம் மாற்றினால் இரண்டாவது பிளான் அங்கேயே பிறந்துவிடுகிறது. தவிர்க்க முடியாத மாற்றம் என்றால் திருத்திய பிளானுக்கு அனுமதி வாங்கிவிட்டுக் கட்டுங்கள்.

காண்ட்ராக்டரிடம் வாய்ப்பேச்சு போதாது. சதுர அடி ரேட்டில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, லாஃப்ட் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அனுமதி பிளானையும் கம்பி விவரமுள்ள வரைபடத்தையும் அதோடு இணைத்து, ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்ப, வங்கி வழியாகக் கொடுங்கள்.

உங்கள் மனையில் காண்ட்ராக்டர் கட்டும் தனி வீட்டுக்கு ரெரா என்ற மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வராது. ஆனால் வீடு கட்டித் தருவது சேவைதான் என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பிளானுக்கு மாறாகவோ தரக்குறைவாகவோ கட்டினால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதால், “பார்த்துச் செய்து தரேன்” என்ற பேச்சில் நாளைக் கடத்தாதீர்கள். விரிசலைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். வேறொரு பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.