காலடியில் ஒளிந்திருக்கும் படி

சமையலறை அலமாரியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மாடுலர் கிச்சன் என்று இப்போது எல்லாரும் சொல்கிற வகைச் சமையலறையில், அலமாரிக் கதவு தரைவரை இறங்காது. தரைக்குச் சுமார் 10 செ.மீ. மேலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே ஒரு பலகை இருக்கும். அது கதவுக்கு நேராக இல்லாமல் ஏழெட்டு செ.மீ. உள்ளே தள்ளி இருக்கும். நம் ஊரில் இந்த வேலை செய்பவர்கள் அந்தப் பலகையை ஸ்கர்ட்டிங் என்பார்கள்.

அந்த உள்வாங்கல் உங்கள் கால் விரல்களுக்காக விடப்பட்டது. காரணம் தெரிய ஒரு சோதனை செய்யலாம். வெறும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கால் விரல்களும் மூக்கும் சுவரைத் தொடட்டும். இப்போது நுனிக்காலில் எழும்புங்கள்.

முடியவில்லை, இல்லையா? எந்தப் பலசாலியாலும் முடியாது. உடலின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். அந்தப் புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். நேராக நிற்கும்போது அது ஏறக்குறைய தொப்புள் உயரத்தில், உடலுக்குள்ளே இருக்கும். அங்கிருந்து செங்குத்தாகக் கீழே ஒரு கோடு இழுத்தால், அது பாதங்கள் ஊன்றியிருக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே போனால் நாம் சாய்ந்துவிடுவோம். நுனிக்காலில் எழும்ப அந்தக் கோடு முன்பாதத்துக்கு நகர வேண்டும். அதற்கு உடல் கொஞ்சம் முன்னால் போயாக வேண்டும். சுவர் அதற்கு வழி விடுவதில்லை.

அலமாரி தரைவரை நேராக இறங்கியிருந்தால், விரல் இடிக்காதபடி சற்றுப் பின்னால் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். பின்னால் நின்றபடி மேடைமேல் வேலை செய்ய இடுப்பிலிருந்து குனிய வேண்டும். ஈர்ப்பு மையம் முன்னே போகப் போக, விழாமல் பிடித்துக்கொள்ளும் வேலை முதுகுத் தசைகளுக்கு வந்து சேரும். காலை முழுக்க நின்று சமைப்பவர்கள் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள், அது வெறும் அலுப்பு இல்லை. விரல் நுழையும் இடம் இருந்தால் மேடையை ஒட்டி நிமிர்ந்து நிற்கலாம்.

சரி, மேடைமேல் செய்யும் வேலைக்கு இது போதும். தலைக்கு மேலே இருக்கும் அலமாரிக்கு என்ன செய்வது? பெரும்பாலும் நுனிக்காலில் எட்டுகிறோம். அப்போது குதிகால் தரையை விட்டுவிடுகிறது. பாதத்தின் முன்பகுதி மட்டும் உடல் முழுவதையும் தாங்குகிறது. ஈர்ப்பு மையத்தின் கோடு விழ வேண்டிய இடம் அவ்வளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த நிலையில் கையில் ஒரு கனமான டப்பா வந்து சேர்ந்தால் கோடு இன்னும் முன்னே நகரும். தள்ளாட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

எட்டாவிட்டால் கவிழ்த்த வாளி, பிளாஸ்டிக் நாற்காலி, சில வீடுகளில் காலி கேஸ் சிலிண்டர்கூட ஏணியாகிவிடுகிறது. மூன்றுமே ஆபத்து. நல்ல ஸ்டூல் ஒன்று வீட்டில் இருந்தும் இப்படி நடப்பதற்கு ஒரே காரணம்தான்: வேண்டிய நேரத்தில் அது வேண்டிய இடத்தில் இல்லை. சமையலறையில் வைத்தால் காலில் இடிக்கிறது என்று பால்கனிக்குப் போயிருக்கும்.

இங்கேதான் அந்த ஸ்கர்ட்டிங் பலகைக்குப் பின்னால் இருக்கும் இடம் கண்ணில் படுகிறது. 60 செ.மீ. அகல அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பலகைக்குப் பின்னால் 50 செ.மீ. ஆழம், 10 செ.மீ. உயரம். மூன்றையும் பெருக்கினால் 30,000 கன செ.மீ., அதாவது 30 லிட்டர். 3 மீட்டர் நீளமுள்ள மேடைக்கு இதே கணக்கில் 150 லிட்டர் இடம். அத்தனையும் இருட்டில் சும்மா கிடக்கிறது.

அந்தப் பலகையையே ஓர் இழுப்பறையின் முகப்பாக மாற்றி, உள்ளே படியை வைத்துவிட்டால்? ஆஸ்திரியா நாட்டின் புளூம் நிறுவனம் 'ஸ்பேஸ் ஸ்டெப்' என்ற பெயரில் இப்படி ஒன்றைச் செய்கிறது. காலால் தட்டினால் அடியிலிருந்து இழுப்பறை வெளியே வரும். பொருள்களும் வைக்கலாம், மேலே ஏறியும் நிற்கலாம். இன்னொரு வகையில் முழு ஸ்டூலே மடிந்து உள்ளே படுத்திருக்கும். இரண்டாவது வகைக்குத் தேவை இருக்கிறது. 10 செ.மீ. உயர இடத்துக்குள் அடங்கும் பொருள், மடிக்க முடியாவிட்டால் 10 செ.மீ.க்கு மேல் நம்மை உயர்த்தாது. கால்களைக் கீல் வைத்துப் பொருத்தினால் படுத்திருக்கும்போது மெலிந்திருக்கும். விரித்தால் 20 செ.மீ.க்கு மேல் உயரும். மடிந்த நிலையில் அகலமாக இருந்த நீளம்தான் விரித்த நிலையில் உயரமாகிறது.

இப்போது முக்கியமான கேள்வி. வெளியே இழுத்த இழுப்பறைமேல் ஏறி நிற்பதா? வீட்டில் இருக்கும் சாதாரண இழுப்பறைமேல் ஒருபோதும் ஏறக் கூடாது. அதற்கான கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

30 கிலோ எடையுள்ள துணி அலமாரி ஒன்று. முன்னிருந்து பின்வரை 40 செ.மீ. ஆழம். அதன் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளே இருக்கும். கீழ் இழுப்பறையை இழுத்து, முன்விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை ஏறுகிறது. அலமாரி கவிழ்ந்தால் முன்விளிம்பைச் சுற்றித்தான் கவிழும். பூங்காவில் சீசா பலகையின் நடுத்தண்டு செய்யும் வேலையை இங்கே அந்த விளிம்பு செய்கிறது. அலமாரியின் பக்கம் 30 × 20 = 600. குழந்தையின் பக்கம் 20 × 30 = 600. இரண்டும் சமம்! எடையையும் தூரத்தையும் பெருக்கி வரும் இந்த அளவைத்தான் திருப்புத்திறன் என்கிறோம். குழந்தை இன்னும் ஒரு விரல்கடை வெளியே நகர்ந்தாலே அலமாரி அதன் மேலேயே சாயும். இத்தனைக்கும், திறந்த இழுப்பறையின் எடையும் முன்னால் வந்துவிட்டதை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்படி அலமாரி கவிழ்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். உயிரிழந்த பிள்ளைகளின் பெற்றோர் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 'ஸ்டர்டி' என்ற சட்டம் வந்தது. அங்கே விற்கும் துணி அலமாரிகள், 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்துச் சோதிக்கப்பட வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும், உயரமான அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிவிடச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலைதான்.

படியாகவே செய்யப்படும் இழுப்பறை இந்தச் சிக்கலிலிருந்து எப்படித் தப்புகிறது? முதலில், சமையலறை அலமாரிகள் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். மேலே கல் மேடையும் இருந்தால் அதன் பாரம் கூடுதல் துணை. இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. படியின் முன்பக்கம் தரையிலேயே ஊன்றும்படி செய்துவிடுவது. அப்படிச் செய்தால் உங்கள் எடை இழுப்பறையின் தண்டவாளத்தில் தொங்காமல் நேரே தரைக்குப் போய்விடும். அலமாரியைப் புரட்டும் திருப்புத்திறனுக்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது.

ஆனால் தரையில் ஊன்றிய பொருளை இழுப்பது எப்படி? சக்கரம் வைத்தால் எளிதாக உருளும். ஏறும்போதும் உருண்டால் பல் உடையும். இந்த முரணுக்கு விடை நூலகங்களில் கிடைக்கும் ஒரு வட்ட ஸ்டூலில் இருக்கிறது. ஜெர்மனியில் அதை யானைப் பாதம் என்று பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். பார்க்க அப்படித்தான் குட்டையாக, கீழே அகன்று இருக்கும். அதன் சக்கரங்கள் சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆளில்லாதபோது சக்கரம் தரையைத் தொடும். காலால் தள்ளினால் ஓடும். ஏறியதும் உங்கள் எடை சுருள்வில்லை அமுக்கும், சக்கரம் உள்ளே போய்விடும், அடிவிளிம்பில் இருக்கும் ரப்பர் தரையைக் கவ்வும். எடை கூடக் கூட உராய்வும் கூடும். பொத்தான் கிடையாது, மின்சாரம் கிடையாது. உங்கள் எடையே பிரேக். அலமாரிக்குள் ஒளியும் படிக்கும் இதே உத்தியைப் பயன்படுத்தலாம்.

எட்டாத உயரம் பெரிய மனிதர்களையும் யோசிக்க வைத்திருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் பிராங்க்ளினிடம் இருக்கையைத் திருப்பினால் படியாக மாறும் நாற்காலி ஒன்று இருந்தது. மேல் தட்டுப் புத்தகங்களை எடுக்க, 1786இல் நீண்ட கோலின் நுனியில் பிடிப்பு வைத்த ஒரு செயற்கைக் கையையும் உருவாக்கினார். ஜப்பானில் எடோ காலத்து வீடுகளில் நேர்மாறாகச் சிந்தித்தார்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம் முழுவதையும் இழுப்பறைகளாக்கி, படியையே அலமாரியாக்கினார்கள். அதன் பெயர் கைடான் டான்சு.

நம் வீடுகளுக்கு இந்த ஒளிந்த படியைக் கொண்டுவரும்போது ஒரு தடை உண்டு. நாம் சமையலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். அடியில் புகும் ஈரத்தில் பிளைவுட் உப்பிவிடும், சாதாரண இரும்புக் கீல் துருப்பிடிக்கும், ஈர ரப்பர் வழுக்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்த இடத்துக்குக் கரப்பான் பூச்சி முதலில் குடிவரும். அதனால் பிவிசி பலகையும் எவர்சில்வர் கீலும் வேண்டும். படி வெளியே வந்ததும் உள்ளே துடைக்கும் வசதி வேண்டும். தண்ணீர் தேங்காமல் ஓட, தரையைவிட ஒரு செ.மீ. தூக்கிய முகப்பும் வேண்டும். முகப்பைத் தூக்கினால் 10 செ.மீ.யில் மிச்சம் 9. அதற்குள் அடங்கி, விரித்தால் 20 செ.மீ. உயரும் படியின் கால்களை எப்படி மடிப்பீர்கள்? ஓர் அட்டையும் கத்தரிக்கோலும் போதும், மாதிரி செய்து பார்க்கலாம்.