கரிச்சான் கூப்பிடும் காடு

இலங்கையின் சிங்கராஜ வனத்தில் அரை மணி நேரம் நடந்தும் ஒரு பறவைகூடக் கண்ணில் படாமல் போகலாம். சில்வண்டு இரைச்சலும் இலைகளிலிருந்து சொட்டும் நீரும்தான் துணை. பிறகு ஒரு வளைவில், எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் மரமெல்லாம் பறவையாகிவிடும். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் கும்பலாகச் சளசளத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும். சற்றுக் கீழே ஆண் தீக்காக்கை சிவந்த வயிற்றோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். உச்சியில் செம்முகப் பூங்குயில் இலைகளுக்குள் புகுந்து புறப்படும். சில நிமிடங்களில் மொத்தக் கூட்டமும் நகர்ந்துவிட, காடு மறுபடி வெறிச்சோடும்.

இது தற்செயலாகக் கூடிய கூட்டமல்ல. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் பறவையியலாளருமான சரத் கொட்டகம 1980களிலிருந்தே இந்தக் கலப்புக் கூட்டங்களை இங்கே ஆராய்ந்து வந்தார். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பதினோரு இனங்கள், நாற்பது பறவைகள் இருக்கும். இலை மடிப்பில் புழு தேடும் பறவைக்கு வல்லூறு வருவது தெரியாது. பல கண்கள் சேர்ந்தால் ஏதாவது ஒன்று பார்த்துவிடும். அந்தக் காவல் வேலையில் முன்னே நிற்பது கொண்டைக் கரிச்சான். மற்றவை கிளைகளைக் கலைக்கும்போது பறந்தோடும் பூச்சிகளை அது அந்தரத்திலேயே பிடித்துத் தின்கிறது. ஆகவே கூட்டம் கூடுவதில் அதற்கும் லாபம்.

கரிச்சான் சும்மா காத்திருப்பதில்லை என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி. அது மற்ற இனங்களின் குரலை அப்படியே பேசும். கொட்டகமவும் சக ஆய்வாளர் ஈபன் குட்டேலும் கரிச்சானின் பாட்டைப் பதிவு செய்து காட்டில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பிற பறவைகளின் குரல் கலந்த பாட்டுக்குத்தான் அதிகப் பறவைகள் வந்தன. ஆபத்து நேரத்தில் அது எடுக்கும் குரல்கள் வேறு: வேட்டைப் பறவைகளின் குரலும், மற்ற இனங்களின் எச்சரிக்கைக் குரலும். எந்தக் குரலை எப்போது எடுப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பறவைகளைத் தேடி வனத்தின் குடாவ வாசலிலிருந்து நாம் நடக்கும் அகலமான பாதை, 1970களில் ஒட்டுப்பலகை ஆலைக்காக மரம் வெட்டி ஏற்றிச் சென்ற வண்டிப் பாதை. மக்கள் எதிர்ப்பால் 1977இல் வெட்டு நின்றது. 1988இல் யுனெஸ்கோ இந்த வனத்தை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. வன எல்லையில் கரீபியன் பைன் மரங்களை நட்டிருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் அந்தப் பைன் வரிசைகளில் சிலவற்றை நீக்கி, வெளிச்சம் விழும் இடத்தில் இந்தக் காட்டுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டார்கள். கன்றுகள் நன்றாகவே தழைத்தன. காட்டைப் பாதுகாக்கும் முயற்சிகளில் வேலி போடுவதைவிட இந்தப் பொறுமையான வேலையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் காடு இது. இங்குள்ள மரங்கள் பலவற்றின் இலைநுனி நீண்டு கூராக இருக்கும். நீர் தேங்காமல் வடிவதற்கு அது உதவுகிறது. ஈரம் இருந்தால் அட்டையும் இருக்கும். நடக்கும் அதிர்வையும் நம் மூச்சுக்காற்றையும் உணர்ந்து சருகிலிருந்து நிமிர்ந்து நிற்கும். கடித்தால் வலிக்காது, அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாததால் கசிவுதான் நெடுநேரம் நிற்காது. முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை போதும்.

சிங்கராஜவுக்கு வருகிறவர்களில் பலர் மௌலவெல்ல சிகரத்துக்கு விரைகிறார்கள். மேலிருந்து தெரியும் காட்சி அழகுதான். ஆனால் ஒரே நாள்தான் கையில் இருக்கிறதென்றால் சிகரத்தை விட்டுவிடுங்கள். மழை குறையும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான நாள் ஒன்றில், விடிந்ததும் உள்ளே போய், பழைய வண்டிப் பாதையில் மெல்ல நடந்து, சிலம்பன்களின் சளசளப்புக் கேட்ட இடத்தில் நின்றுவிடுங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம். கூட்டம் கூட்டும் வேலையைக் கரிச்சான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்.