பிரேக்கில் பிறக்கும் மின்சாரம்

விரைந்தோடும் ஊர்தியில் பிரேக்கை அழுத்தினால், அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். இவ்விழப்பில் ஒரு பகுதியை மீட்கும் அமைப்பு, 2009இல் பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் இடம்பெற்றது. பிரேக்கிடும்போது மின் மோட்டாரே மின்னியற்றியாக மாறுகிறது. அதைச் சுழற்றும் சுமை பின்சக்கரங்களின் வேகத்தைத் தணிக்கிறது. விளையும் மின்சாரம் மின்கலத்தில் சேர்கிறது. அன்று ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் காரை உந்தியது. 2009இல் ஒரு சுற்றில் 400 கிலோஜூல் வரை பயன்படுத்த முடிந்தது. அதாவது 60 கிலோவாட் கூடுதல் திறன், ஏறத்தாழ ஆறரை நொடிகளுக்கு. சிறிய அளவுதான், ஆயினும், முந்திச் செல்ல அதுவே போதுமானதாக இருந்தது.

2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடைபெற்ற முதல் இந்தியப் பந்தயத்தில், கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் ஓட்டிய எச்.ஆர்.டி. அணியின் காரில் இவ்வமைப்பு இல்லை. அதே வகைக் காரை ஓட்டிய அணித்தோழர் டேனியல் ரிக்கார்டோவை முந்தி, அவர் 17ஆம் இடம்பெற்றார்.