மாத்திரைப் பெட்டியை யார் நிரப்புவது?

தானியங்கி மாத்திரைப் பெட்டிக்குள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு வட்டத் தட்டு, அதில் பெரும்பாலும் 28 அறைகள். நாளுக்கு நான்கு வேளை மருந்து என்றால் ஒரு வாரத்துக்குக் காணும். ஒரே வேளை என்றால் நான்கு வாரத்துக்கு. குறித்த நேரம் வந்ததும் சிறிய மோட்டார் தட்டை ஓர் அறை நகர்த்தும், மணி அடிக்கும், விளக்கு மின்னும். அந்த வேளைக்குரிய மாத்திரைகள் மட்டும் திறப்புக்கு நேரே வந்து நிற்க, மற்ற அறைகள் பூட்டியே கிடக்கும். எடுக்காமல் நேரம் கடந்துவிட்டால், சில வகைப் பெட்டிகள் அந்த அறையையும் மூடிவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகளின் கைபேசிக்குத் தகவல் அனுப்பும். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் முதியவர்கள் மட்டுமே தங்கிவிட்ட வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே இப்படியொரு பெட்டிக்கு வரவேற்பு இருப்பது இயல்புதான். ஆனால் இதை வாங்குபவரும் விற்பவரும் மணியைப் பற்றியே பேசுகிறார்கள். பெட்டியில் மிக எளிய பாகம் அந்த மணி. அது அடிப்பதற்கு முன்னால் அறைகளை நிரப்பியவர் யார், அடித்தும் மாத்திரை எடுக்கப்படாவிட்டால் வாசலுக்கு வருபவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாத வீட்டில், அந்தப் பெட்டி பிழையையும் நேரம் தவறாமல் செய்து முடிக்கும்.

முதலில் பிழைகள் எங்கே பிறக்கின்றன என்று பார்ப்போம். 2020ல் தமிழகம் தழுவி நடந்த ஆய்வு ஒன்றில், பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். இதை மறதிக் கணக்கில் எழுத முடியாது. பலருக்கு நோய் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களிலும் பலர் மருந்தைத் தொடரவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள். 2024ல் ஐ.நா. விருதும் பெற்ற இந்தத் திட்டம் மருந்தை வீட்டு வாசல்வரை சேர்த்துவிட்டது. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்துவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலிலிருந்து வாய்க்குப் போகும் தூரத்திலும் அதே கதைதான்.

அந்தத் தூரத்தில் நடக்கும் பிழைகளில் ஆபத்தானது மறதி அல்ல, இரட்டிப்பு. அரசு தரும் அட்டையில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும்: மெட்பார்மின், அம்லோடிபின். அதே நபர் தஞ்சாவூர் போய்த் தனியார் மருத்துவரைப் பார்த்தால், அவர் எழுதித் தரும் சீட்டில் நிறுவனப் பெயர் இருக்கும். அதற்குள் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்திருக்கக்கூடும். இரண்டிலும் ஒரே மருந்து இருக்கிறது என்று அட்டையைப் பார்த்துப் பலரால் சொல்ல முடியாது. இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். இது போதாதென்று, கொள்முதல் ஒப்பந்தம் மாறும்போது அரசு அட்டையின் நிறமும் மாறும், வட்ட மாத்திரை நீள்வட்டமாகும்; நேற்றுவரை நிறத்தை வைத்து அடையாளம் கண்டவர் இன்று பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்குவார். மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நான்கு கொடுத்தால் காலாவதித் தேதி எந்தத் துண்டோடு போனது என்பது அவரவர் அதிர்ஷ்டம். இப்படிப்பட்ட பையைத் திறந்து, 'காலை, மதியம், இரவு' என்று ஒருவர் பெட்டியின் அறைகளை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகித உறையோடு கிடந்தவரை, சந்தேகம் வந்தால் எடுத்துக் கேட்க ஓர் அட்டையாவது இருந்தது. பெட்டிக்குள் போனதும் அந்த அடையாளமும் போய்விடுகிறது.

மருந்தை எண்ணும் கருவி என்ற யோசனைக்கே தமிழ்நாட்டோடு பழைய உறவு உண்டு. 1956ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது; இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதும் வீட்டிலேயே ஐசோனியாசிட், பாஸ் ஆகிய மருந்துகளைக் கொடுப்பதும் ஒன்றுதானா என்று வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு ஒப்பிட்டுப் பார்த்தது. ஏறத்தாழ ஒன்றுதான் என்று 1959ல் வந்த முடிவு, உலகம் முழுக்கச் சானடோரியங்களைக் காலி செய்யத் துணை நின்றது. ஆனால் வீட்டுச் சிகிச்சை என்றதுமே ஒரு கேள்வி எழுந்தது: அவர் உண்மையில் மாத்திரை போடுகிறாரா? மையத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1962ல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் மோல்டிங், காசநோயாளிகளுக்காகவே, நேரத்தைப் பதிவு செய்யும் மாத்திரைப் பெட்டியை முன்மொழிந்தார். மாத்திரைகள் குறையக் குறைய அவற்றோடு ஒரு துளிக் கதிரியக்கப் பொருளும் நகரும்; பக்கத்தில் இருக்கும் படச்சுருளில் அதன் தடம் விழும். ஒரே இடம் அடர்ந்து கறுத்திருந்தால் அத்தனை நாளும் மாத்திரை அசையவில்லை என்று அர்த்தம். அந்தப் பெட்டி நோயாளிக்கு நினைவூட்டுவதை விட, மருத்துவருக்குச் சாட்சி சொல்வதற்காகச் செய்யப்பட்டது. பிறகு வந்த வணிகப் பெட்டிகள் பெரும்பாலும் இதை மறந்துவிட்டன.

சாட்சி சொல்லும் பெட்டிக்கும் வெறுமனே மணி அடிக்கும் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு பின்னாளில் எண்களிலேயே வெளிப்பட்டது. 2015ல் வெளியான சீன ஆய்வு ஒன்று 36 மாவட்டங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காசநோயாளிகளைப் பின்தொடர்ந்தது. ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மருந்து விட்டுப்போன மாதங்கள், வழக்கமான சிகிச்சையில் 29.9 சதவீதம். கைபேசியில் நினைவூட்டும் செய்தி அனுப்பியபோது 27.3, அதாவது கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. மணி அடித்து, திறந்த நேரத்தையும் பதிவு செய்யும் பெட்டி கொடுத்தபோது அது 17 சதவீதமாக இறங்கியது. செய்திக்கும் பெட்டிக்கும் இடையில் என்ன வித்தியாசம்? பெட்டியின் பதிவை மருத்துவர் மாதாமாதம் எடுத்துப் பார்த்தார், தவறவிட்டவரோடு உட்கார்ந்து பேசினார். 2017ல் வெளியான அமெரிக்க ஆய்வு இதன் மறுபக்கம். 53,480 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வில், நேரம் காட்டும் மூடி, வாரப் பெட்டி போன்ற மலிவான கருவிகள் தபாலில் போயின. பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மருந்து உட்கொள்வதில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. சீனத்தில் 2023ல் வந்த அடுத்த பெரிய ஆய்வையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: பெட்டி கொடுத்த இடங்களில் சிகிச்சையின் இறுதி விளைவு மற்ற இடங்களை விட மேம்படவில்லை. பெட்டியை நம்புகிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். மாத்திரை எண்ணிக்கை சீரானால் நோய் தானாகச் சீராகும் என்ற கணக்கு அவ்வளவு நேரானதல்ல என்பதே எனக்குத் தோன்றும் பதில்.

பெட்டி திறந்ததற்கும் மாத்திரை உள்ளே போனதற்கும் நடுவிலும் இடைவெளி இருக்கிறது. காசநோய்த் திட்டத்தில் '99டாட்ஸ்' என்றொரு முறை வந்தது. மாத்திரையை அட்டையிலிருந்து அழுத்தி எடுத்தால் உறையில் மறைந்திருக்கும் கட்டணமில்லா எண் தெரியும். அதை அழைத்தால் அன்றைய மருந்து கணக்கில் ஏறும். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ச் சிறுநீரில் ஐசோனியாசிட் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் பார்த்தபோது, மருந்து போடாதவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வரை இந்த முறை 'போட்டவர்' என்று காட்டியது. போட்டவர்களில் பத்தில் மூவரை 'போடாதவர்' என்றும் காட்டியது. 1956ன் சிறுநீர்ச் சோதனையே மறுபடியும் நீதிபதியாக வர வேண்டியிருந்தது. இது நோயாளிகளின் நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல. போன் அழைப்பை மருந்தாக எண்ணியதன் விளைவு. மூடி திறப்பதை மருந்தாக எண்ணும் எந்தப் பெட்டிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இனி நேரத்துக்கு வருவோம். பெட்டி கடிகாரப்படி நடக்கும். மருந்துகள் பலவும் சாப்பாட்டுப்படி நடக்கின்றன. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், பின்னாலேயே சோறு வந்தாக வேண்டும். குறுவை நடவு நாளில் விடியும் முன்னே வயலுக்கு இறங்குபவர் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட ஒன்பதோ பத்தோ ஆகும். எட்டு மணிக்கு அடிக்கும் மணிக்குக் கீழ்ப்படிந்து மாத்திரை போட்டுக்கொண்டு சேற்றில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் ஏகாதசிக்கும் ஒருபொழுது இருப்பவர்கள் உண்டு. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் ரமலான் மாதம் முழுக்கப் பகல் வேளை என்பதே கிடையாது. சஹருக்கும் நோன்பு திறப்புக்கும் ஏற்ப அளவையே மருத்துவர் மாற்றி எழுத வேண்டும். கடிகாரத்தை மாற்றுவது எளிது, ஒரு பொத்தான் போதும் என்பார்கள். பொத்தான் இருக்கிறது, எந்த மாத்திரையை எந்த வேளைக்கு நகர்த்துவது, எதைப் பாதியாக்குவது என்று அது சொல்லாது.

ஈரப்பதம் இன்னொரு சிக்கல், இதைப் பற்றி விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை. வட்டத்தட்டுப் பெட்டியில் போட வேண்டுமானால் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்தாக வேண்டும். வலிப்புக்குத் தரும் சோடியம் வால்புரோயேட் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டேபிகாட்ரான் அதன் மூல உறையை விட்டு வெளியே இருக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாகப்பட்டினத்து வீட்டு அலமாரியில் நான்கு வாரம் திறந்து கிடக்கும் மாத்திரையைக் குளிர்நாட்டு மாத்திரையோடு ஒப்பிட முடியாது. அட்டையைப் பிரிக்காமல் அப்படியே உள்ளே வைக்கும் பெட்டி இருக்கிறது. சீனத்தில் பயன்பட்டது அந்த இனம்தான். பளபளப்புக் குறைவு, ஆனால் நமக்கு அதுவே பொருந்தும்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பது வழக்கமாக எழும் மறுப்பு. 2018 நவம்பர் 16ல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறிய பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இருந்தாலும் இந்த மறுப்பு பலவீனமானது. பெட்டிக்குத் தேவை சிறிய பேட்டரி. கடிகாரமும் மணியும் அதில் மாதக்கணக்கில் ஓடும். அறுபடுவது தகவல்தொடர்புதான், அப்போதும் பெட்டிக்குள் பதிவு இருக்கும். 'மருமகள் எடுத்துக் கொடுத்தால் போதாதா' என்பது இதைவிடக் கனமான மறுப்பு. போதும், அவர் வீட்டில் இருந்தால், சீட்டைப் படிக்கத் தெரிந்தால், அவர் தலையில் ஏற்கெனவே ஏழெட்டு வேலை இல்லாமல் இருந்தால். பெட்டி வேண்டாம் என்று சொல்பவர்கள் அந்த உழைப்பை இலவசமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். 'இது கண்காணிப்பு' என்ற மூன்றாவது மறுப்பில் நியாயம் உண்டு. திறந்த நேரத்தை யார் பார்க்கலாம் என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகூட அவர் சம்மதத்தோடுதான் பார்க்கலாம்.

அப்படியானால் யாருக்குத்தான் இந்தப் பெட்டி? பூட்டு எங்கே உயிரைக் காக்குமோ, அவர்களுக்கு. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை என்று எழுதுவதுண்டு. நினைவு மங்கியவர் போட்டதையே மறந்து மறுபடி போடுவார். இவர்களிடம் பெட்டியின் வேலை நினைவூட்டுவதை விடத் தடுப்பது. பின்லாந்தில் வீட்டுக்குள் வைக்கும் மருந்து எந்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. அங்கே நோயாளியோ உறவினரோ மாத்திரை நிரப்புவதில்லை; ஒவ்வொரு வேளைக்கும் தனிப் பொட்டலமாக மருந்தகமே கட்டி, சுருளாக அனுப்பிவிடுகிறது. இங்கே அந்த வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டவும் முடியாது. மருத்துவர் சீட்டுப்படி மருந்து வழங்குவதை 1948ன் மருந்தியல் சட்டம் பதிவுபெற்ற மருந்தாளுநரிடமே ஒப்படைத்திருக்கிறது. ஆகவே செலவு என்பது பெட்டியின் விலையில் இல்லை, ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரின் நேரத்தில் இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். டெல்டாவில் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். பாதி சுகாதார நிலையங்களில், ஐந்துக்கு மேல் மருந்து சாப்பிடும் முதியவர் மாதம் ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர, மருந்தாளுநர் அரை மணி நேரம் உட்கார்ந்து இரட்டிப்பையும் காலாவதியானதையும் களைந்து, அட்டையோடு பெட்டியில் வைத்துக் கொடுக்கட்டும். மறுபாதியில் அதே அரை மணி நேரம், அதே பை, பெட்டி மட்டும் கிடையாது. ஓர் ஆண்டு கழித்து இரு பக்கத்திலும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கட்டும், மருந்துக் கோளாறால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணட்டும். இரண்டாவது பாதியும் முதல் பாதிக்குச் சமமாக நின்றால், அரசு பெட்டி வாங்க வேண்டியதில்லை. இன்னொரு மருந்தாளுநரை நியமித்தால் போதும்.